தவளைக்கண்ணுக்குள் ஒரு முக்கோணம்

1958-ல் இங்கிலாந்தின் ஆபிங்டனில் உருவாகத் தொடங்கிய ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட்டுக்கு, மூக்கின் மேல் துருத்தி நிற்கும் இரண்டு விளக்குகளால் தவளைக்கண் என்ற பட்டப்பெயர் வந்தது. இந்தக் காரில் போனட் என்று தனியாக ஒன்று கிடையாது. விளக்கு, மட்கார்டு, மூக்கு எல்லாம் ஒரே துண்டு. முன்பக்கம் முழுவதும் வாயைப் பிளந்துகொண்டு மேலே எழும். அதனால்தான் உள்ளே என்ன எஞ்சின் இருக்கிறது என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல பழைய கார் இல்லை. அந்த இடத்தில் மாஸ்டாவின் 12ஏ ரோட்டரி எஞ்சினைப் பொருத்திய ஒரு ஸ்ப்ரைட்டைத் திறந்து பாருங்கள். கண்ணில் முதலில் படுவது, எஞ்சினைச் சுற்றி மிஞ்சியிருக்கும் இடம்.

பழைய காரில் வேற்று எஞ்சினை வைப்பது பாவம் என்று நினைப்பவர்கள் உண்டு. ரோட்டரியைப் பொறுத்தவரை வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. 1964-ல் ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்பைடர்தான் உலகின் முதல் ரோட்டரி கார். அதுவும் ஒரு மாற்றுப் பொருத்தம்தான்: இரட்டை சிலிண்டர் பிஸ்டன் எஞ்சினோடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஸ்போர்ட் பிரின்ஸ் காரின் திறந்த வடிவத்தில், பின்பக்கம் ஒற்றை ரோட்டாரை வைத்தார்கள். எஞ்சின் அத்தனை குட்டை என்பதால் அதன் தலைமேலேயே பெட்டி வைக்க இடம் கிடைத்தது.

எஞ்சினைப் பிரித்துப் போட்டால் நம்ப முடியாத அளவுக்கு உறுப்புகள் குறைவு. வால்வு இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை, கனெக்டிங் ராடு இல்லை. இரட்டைப் பருப்பு நிலக்கடலையைப் போல இடுப்பு லேசாக ஒடுங்கிய ஒரு கூடு. அதற்குள் பக்கங்கள் உப்பிய ஒரு முக்கோணம்; அதுதான் ரோட்டார். முக்கோணத்தின் நடுவில் 51 பல் கொண்ட உள்வளையம், கூட்டோடு அசையாமல் நிற்கும் 34 பல் கியரின் மேல் உருள்கிறது. இந்த மூன்றுக்கு இரண்டு என்ற கணக்குதான் எல்லாவற்றையும் நடத்துகிறது. ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றினால் ரோட்டார் ஒரு சுற்று. டாக்கோமீட்டர் 9000 காட்டும்போதுகூட உள்ளே முக்கோணம் 3000-ல்தான் சுழல்கிறது. பிஸ்டன் ஒவ்வொரு முறையும் நின்று, திரும்பி, மறுபடி ஓட வேண்டும்; இங்கே எதுவும் நிற்பதும் இல்லை, திரும்புவதும் இல்லை. காற்றை இழுப்பது ஓரிடம், அழுத்துவது அடுத்த இடம், வெடிப்பது வேறிடம், புகையைத் தள்ளுவது இன்னோரிடம். நான்கு வேலையும் ஒரே கூட்டின் நான்கு மூலைகளில் முறை தவறாமல் நடக்கின்றன.

இதில் நான் மிகவும் ரசிப்பது அபெக்ஸ் சீல் என்ற சின்ன உலோகப் பட்டையைத்தான். முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒன்று. மாஸ்டாவின் பின்னாளைய 13பி எஞ்சினில் அதன் கனம் 2 மில்லிமீட்டர். அடியில் வளைந்த ஒரு ஸ்பிரிங் அதைச் சுவரோடு தள்ளிப் பிடிக்கிறது. ஓரத்தில் ஒரு குட்டி முக்கோணத் துண்டு பக்கவாட்டில் நகர்ந்து, கடைசி இடுக்கையும் அடைக்கிறது. 1960களில் ஹிரோஷிமாவில் கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் மாஸ்டாவின் 47 பொறியாளர்கள் இந்தப் பட்டையோடுதான் மல்லுக்கட்டினார்கள். சீல் அதிர்ந்து அதிர்ந்து கூட்டின் உட்சுவரில் வரிவரியாகக் கீறிவிடும். சாத்தானின் நகக்கீறல் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். முனையருகே குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அதிர்வின் கதியை மாற்றிப் பார்த்தார்கள், கீறல் நின்றது. ஆனால் விற்பனைக்கு வந்த காஸ்மோ ஸ்போர்ட் காரில், 1967-ல், அலுமினியம் ஊறிய கார்பன் சீல்களைப் போட்டார்கள்.

காஸ்மோவின் ரோட்டார் அகலம் 60 மி.மீ. 12ஏ-வில் அது 70, 13பி-யில் 80. கூட்டின் வளைவு மட்டும் மாறவே இல்லை. எஞ்சினைப் பெரிதாக்க அவர்கள் செய்தது ஒவ்வொரு ரோட்டாரையும் 10 மி.மீ. தடிப்பாக்கியது, அவ்வளவுதான். 12ஏ-வுக்காக அளந்து செய்த இடத்தில் 13பி வேண்டுமென்றால் இரண்டு ரோட்டாருக்கும் சேர்த்து 20 மி.மீ. நீளம் கூடினால் போதும். பழைய காரில் வேலை செய்பவருக்கு இது பெரிய வரம்.

பொருத்துவதில் உள்ள அழகு ஷாஃப்டின் உயரத்தில் தொடங்குகிறது. பிஸ்டன் எஞ்சினில் கிராங்க் அடியில் இருக்கும்; அதன் மேல் சிலிண்டர், அதற்கும் மேல் ஹெட். ரோட்டரியில் ஷாஃப்ட் நடுவயிற்றில் ஓடுகிறது. அதனால் கியர்பாக்ஸுக்கு நேராக வைத்தாலே எஞ்சின் தாழ்ந்து உட்கார்ந்துவிடும். நீளமும் குறைவு என்பதால் முன் அச்சுக்குப் பின்னால், காலடிப் பலகையை ஒட்டித் தள்ளி வைக்கலாம். மூக்கு லேசாகிறது, வளைவில் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கிறது. மாஸ்டா எஞ்சினில் புகைக்குழாய் புறப்படுவது வலப்பக்கம். ஸ்டீயரிங்கும் வலப்பக்கம் இருக்கும் பிரிட்டிஷ் கார்களில் இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும் என்பதால் இது பெரும் தலைவலி. இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் இதே வேலை எளிது.

அந்தக் குழாய் கக்கும் சூடு சாமானியமல்ல. ரோட்டாரைக் குளிர்விப்பது எண்ணெய்தான் என்பதால், ரேடியேட்டரை மட்டும் பெரிதாக்கி ஆயில் கூலரை மறந்தவரின் எஞ்சின் நீண்ட நாள் உழைக்காது. கூலரைத் தவளையின் வாய்க்குள், கிரில்லுக்குப் பின்னால், வெளியே தெரியாமல் வைத்திருந்தால் செய்தவர் கைதேர்ந்தவர் என்று அறிந்துகொள்ளலாம். பின் அச்சையும் பார்க்க வேண்டும். ஸ்ப்ரைட் புதிதாக வந்தபோது 948 சி.சி., 43 குதிரைத்திறன். அந்தக் கணக்குக்குச் செய்த மெல்லிய அச்சுத்தண்டுகள் அவை. அமெரிக்காவில் விற்ற முதல் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 12ஏ, 1146 சி.சி.யில் 100 குதிரைத்திறன் தந்தது. வலுவான அச்சைக் குறுக்கிப் போடாவிட்டால் தண்டு முறியும்.

சத்தத்தைச் சொல்லாமல் விட முடியாது. காற்றுவாயைக் கூட்டின் வளைந்த சுவரிலேயே திறந்த பந்தய ரோட்டரி, ஐட்லிங்கில் ப்ராப், ப்ராப் என்று விட்டு விட்டு உறுமும். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் அந்தத் துண்டு துண்டான ஓசை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே நீண்ட ஓலமாகிவிடுகிறது. 1991-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி, நான்கு ரோட்டாரோடு எழுப்பியது இதன் உச்சம். ஆனால் ஸ்ப்ரைட்டுக்கு அது வேண்டாம் என்பேன். ஊர்ச்சாலைக்குப் பிறந்த காருக்கு, துளையைப் பெரிதாக்காத சாதாரண 12ஏ-வின் வழவழப்பான ரீங்காரமே பொருந்துகிறது.

கடைசியாக டாஷ்போர்டு. ஸ்ப்ரைட்டின் பழைய டாக்கோமீட்டர் டைனமோவின் பின்புறத்திலிருந்து ஒரு கேபிளால் ஓடியது. ரோட்டரியில் அந்த டைனமோ இல்லை. பலர் ஒரு புது மீட்டரை வாங்கி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். நல்ல கைக்காரர் பழைய ஸ்மித்ஸ் மீட்டரின் கூட்டையும் முள்ளையும் வைத்துக்கொண்டு, உள்ளே மின்னணு இயக்கத்தை மாற்றி, முகத்தில் எண்களை 9000 வரை அதே எழுத்து வடிவில் புதிதாக எழுத வைப்பார். அப்படி முடித்த வேலைக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்துவிடுவேன்.