ஆலங்கட்டிக் கணக்கில் ஒரு சுழியம்

வானிலை நிலையத்தில் ஆலங்கட்டி விழுந்தால், பார்வையாளர் அதை 'ஆலங்கட்டி நாள்' என்று குறித்துக்கொள்கிறார். மிளகளவு விழுந்தாலும் எலுமிச்சையளவு விழுந்தாலும் கணக்கில் ஒன்றுதான். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முப்பதாண்டுச் சராசரி அட்டவணைகளில் இடி, மூடுபனி, புழுதிப்புயலுக்குப் பக்கத்தில் இந்த எண்ணும் இருக்கும். ஒரு வட்டாரத்தில் ஆலங்கட்டி மழை கூடியதா, குறைந்ததா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் நம்புகிறார்கள்.

நம்புவதற்குக் காரணம் உண்டு. விழுந்ததா, இல்லையா என்ற கேள்வி காலத்துக்குக் காலம் மாறுவதில்லை. மாறாக, வந்து சேரும் தகவல்களை எண்ணும் அமெரிக்காவில் 1990களில் ரேடார்களும் தன்னார்வலர்களும் பெருகியதும் தகவல்கள் குவிந்தன. 2010இல் 'கடும் ஆலங்கட்டி'யின் வரம்பு 1.9 செ.மீ.இலிருந்து 2.5 செ.மீ. ஆனது. வானம் மாறியதா, எண்ணும் விதம் மாறியதா என்று பிரிப்பது அங்கே பெரும்பாடு. நிலையங்களில் நாள் கணக்கை நீண்டகாலம் வைத்திருந்த சீனாவிலோ 1980களுக்குப் பிறகு ஏற்பட்ட குறைவு தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் இராமநாதபுரம் மாவட்டத்து ஆர்.எஸ்.மங்கலம் போன்ற ஊருக்கு இந்த முறை உதவாது. அருகிலுள்ள நிலையங்கள் தொண்டியும் பாம்பனும், இரண்டும் கடலோரம். ஆலங்கட்டியோ சில கிலோமீட்டர் அகலத்தில், சில நிமிடங்களில் கொட்டி ஓய்ந்துவிடும். அவ்வூரின் நாற்பத்தெட்டு மடைக் கண்மாயின் ஒரு கரையில் விழுந்தது மறுகரைக்கே தெரியாமல் போகலாம். பங்குனி, சித்திரையில் களத்தில் காயும் முண்டு மிளகாய் நாசமானாலும் அட்டவணையில் சுழியம்தான் நிற்கும். அரிதாக விழும் வட்டாரத்தில் ஐம்பதாண்டில் இரண்டு நாள் மூன்று நாளானால், அதைப் போக்கு என்று சொல்லவே கூடாது.

இதைவிடப் பெரிய குறை, அளவைப் பதியாதது. கோடையில் நம் தலைக்கு மேல் சுமார் 5 கி.மீ. உயரத்தில்தான் உறைநிலை இருக்கிறது. காற்று வெப்பமாக வெப்பமாக அந்த மட்டம் இன்னும் மேலே ஏறும். சிறு கட்டிகள் வழியிலேயே உருகிவிடும். ஈரம் மிகுந்த வலுவான மேகங்களில் வளரும் பெரிய கட்டிகள் தரைக்கு வரும். அப்போது நாட்கள் குறையும், சேதம் கூடும். அட்டவணையைப் பார்த்து ஆபத்து குறைந்ததென்று முடிவுகட்டுவோம். தானியங்கி நிலையங்கள் பெருகுவதும் இதற்குத் தீர்வல்ல. அவற்றின் மழைமானி உருகிய நீரைத்தான் அளக்கும்.

பிரான்சில் 1980களின் இறுதியிலிருந்து வயல்களில் தெர்மாகோல் போன்ற பலகைகளை வைத்து, குழிகளிலிருந்து கட்டியின் அளவைக் கணிக்கிறார்கள். செலவு அதிகமில்லை, இங்கும் செய்யலாம். பயிர்க் காப்பீட்டுக் கோரிக்கைகளும் இடத்தையும் நாளையும் சொல்லும். தரிசில் விழுந்ததை அவை சொல்லாது என்றாலும், இன்றைய அட்டவணையைவிட அவை மேல்.

உங்கள் ஊரில் ஆலங்கட்டி விழுந்தால், ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். நேரத்தையும் வயலின் பெயரையும் எழுதிக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுங்கள். காப்பீடு செய்த பயிரானால் 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.