கல்சுவருக்கும் தோளுக்கும் நடுவே

ஐல் ஆஃப் மேன் டிடி மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றதும் எல்லாரும் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். 2023இல் பீட்டர் ஹிக்மன் 60.7 கிலோமீட்டர் சுற்றை மணிக்குச் சராசரியாக 219 கிலோமீட்டர் வேகத்தில் முடித்தார். பதினேழு நிமிடம்கூட ஆகவில்லை. மலைக்க வைக்கும் கணக்குதான். ஆனால் எனக்குப் பிடித்தவை, வேகத்தைக் குறைத்தே தீர வேண்டிய இடங்கள்.

பலாஃப் பாலத்தைப் பாருங்கள். கிராமத்து நடுவே முதுகு தூக்கி நிற்கும் சின்னப் பாலம். அசுர வேகத்தில் வந்தவர் பிரேக்கை அழுத்தி, கியரை இறக்கி ஏறுகிறார். இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்புகின்றன. இறங்கும்போது பின்சக்கரம்தான் முதலில் தரை தொட வேண்டும். முன்சக்கரம் முந்தினால் ஹேண்டில்பார் கையில் நிற்காது. அந்தரத்தில் இருக்கும்போதே ஆக்சிலேட்டரையும் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் வெறுமனே சுழலும் சக்கரம் தரையில் பட்டதும் செயின் அடி வாங்கும். ஒரு நொடிக்குள் இத்தனை வேலை! தேர்ந்த கை செய்யும்போது எதுவுமே நடக்காதது போல் இருக்கும்.

இப்படி 200க்கும் மேற்பட்ட வளைவுகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். மரநிழலில் ஈரம், மலைமேல் காற்று, ஓரமெங்கும் கல்சுவரும் விளக்குக் கம்பமும். பத்து நொடிக்கு ஒருவராகக் கிளம்புவதால் போட்டியாளர் பல நேரம் கண்ணில் படுவதில்லை; கடிகாரத்தோடுதான் மல்லுக்கட்டு. பின்தங்கிவிட்டதாகச் சாலையோரத்தில் குழுவினர் பலகை காட்டும்போது, அடுத்த வளைவில் பிரேக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லி மனசு நச்சரிக்கும். ஸ்பான்சர், மழையில் போன பயிற்சி நேரம் எல்லாம் அந்த ஒரு கணத்தில்தான் வந்து அழுத்தும்.

இந்தச் சாலை 260க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்திருக்கிறது. 1972இல் கில்பெர்ட்டோ பர்லோட்டி என்ற வீரர் இறந்தபின் சக வீரர் அகஸ்தினி இங்கே ஓட்ட மறுத்தார். 1976க்குப் பிறகு உலக சாம்பியன்ஷிப் தகுதியும் போயிற்று. இன்று வருபவர்கள் விரும்பி வருகிறவர்கள்தான். ஆனால் விருப்பத்துக்குள்ளேயும் நெருக்கடி உண்டு. 2008இல் வட அயர்லாந்தின் நார்த் வெஸ்ட் 200 பந்தயப் பயிற்சியில் ராபர்ட் டன்லப் இறந்தார். இரண்டே நாளில் மகன் மைக்கேல் அதே தடத்தில் ஓட்டி வென்றார். பெரியப்பா ஜோயியின் 26 டிடி வெற்றிகளை 2024இல் தாண்டியவரும் அவர்தான். அவர் திறமையை வியக்கிறேன்; ஆனால் அந்த 2008 வெற்றியை ரசித்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் ரசிப்பது ஜான் மெக்கின்னஸ் மாதிரி ஓட்டம். 2007இல் முதன்முதலாக மணிக்கு 130 மைல் சராசரியைத் தாண்டியவர் அவர். வண்டியில் உதறல் இல்லை, உடம்பில் அவசரம் இல்லை. அந்த நிதானத்தை ஏற்பாட்டாளர்களிடமும் ஒருமுறை பார்த்தேன்: 2025இல் பலத்த காற்று காரணமாக, பந்தய வாரத்தின் உச்சமான சீனியர் பந்தயத்தையே ரத்து செய்தார்கள். ரசிகர்களுக்கு ஏமாற்றம்தான்; இருந்தாலும் அந்த முடிவை மனதாரப் பாராட்டுகிறேன்.