விண்டோஸ் 10 முடிந்தது, பாமினி முடியவில்லை

பாகூர் மாமா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு கம்ப்யூட்டருக்கு வயது பதினாறு. கோர் 2 டுயோ, ரெண்டு ஜிபி ரேம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், பக்கத்தில் கேனான் எல்பிபி 2900 பிரிண்டர். போன தீபாவளிக்குப் பிறகு ஒருநாள் போன் பண்ணினார்.

"மாப்ளே, கடைக்காரத் தம்பி வந்து புதுசா விண்டோஸ் போட்டுக் குடுத்துட்டாம்ப்பா. நல்லா ஓடுது. ஆனா நான் எழுதி வச்சதெல்லாம் இங்கிலீஷா மாறிடுச்சு."

வில்லியனூரிலிருந்து பாகூருக்கு வண்டியில் போகிற வழியில் எத்தனை தடவை தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியே வருகிறோம் என்று எண்ணிக்கொண்டே போவது என் பழக்கம். அன்றைக்கு எண்ணவில்லை. என்ன நடந்திருக்கும் என்று போகும்போதே தெரிந்துவிட்டது. டி டிரைவில் கோப்புகள் பத்திரமாக இருக்கும். சி டிரைவை ஃபார்மட் செய்தபோது எழுத்துருக்கள் போயிருக்கும். அப்படித்தான் இருந்தது.

அந்தக் கோப்புகள் எவை என்று சொன்னால்தான் என் பதற்றம் புரியும். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்கு வரும் பங்காரு வாய்க்காலில் தொடங்கி, அதிலிருந்து பிரிகிற சின்னச் சின்ன வாய்க்கால், மதகு, கலிங்கு, மேட்டு நிலம், பள்ள நிலம் வரை அந்தந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய பெயர்கள். சொன்னவர் பெயர், வயது, கேட்ட தேதி எல்லாம் இருக்கும். சொன்னவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு இல்லை. திரும்பப் போய்க் கேட்க முடியாது.

இந்த வருஷம் எந்தத் தொழில்நுட்பத் தளத்தைத் திறந்தாலும் ஒரே அறிவுரை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது, ஆபீஸ் 2016, 2019 ரெண்டுக்கும் அதே நாள், அதனால் பேக்கப் எடு, மேம்படுத்து, முடியாவிட்டால் புதுசு வாங்கு. இந்த அறிவுரைமேல்தான் என் விமர்சனம். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் தமிழ் தட்டச்சு நடந்த வீட்டை மனதில் வைத்து எழுதினது இல்லை.

முதலில் மைக்ரோசாஃப்ட் பக்கம். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப், செக்யூர் பூட், இன்டெலில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பிராசசர் வேண்டும். பாதுகாப்புக் காரணம் உண்மையானதுதான், அதை கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் பிராசசர் பட்டியல் ரொம்பக் கறார். நன்றாக ஓடுகிற ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. யூடியூபில் காட்டுகிற குறுக்குவழிகளுக்கும் எல்லை உண்டு. 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட் என்ற கட்டளைகள் இல்லாத பிராசசரில் பூட்டே ஆகாது. மாமாவின் கோர் 2 டுயோவில் அவை கிடையாது. வீட்டுக்காரர்களுக்கு நீட்டித்துக் கொடுத்த பாதுகாப்பு அப்டேட்டும் 2026 அக்டோபர் 13 வரைதான்.

கடைக்காரத் தம்பி போட்டது எதை என்று பார்த்தேன். விண்டோஸ் 10 தான், 64 பிட், திருட்டு ஆக்டிவேஷனோடு. அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவனுக்குக் கிடைப்பது முன்னூறு ரூபா, ஒரு மணி நேரம். 'சார், எந்த ஃபான்ட்ல டைப் பண்ணீங்க?' என்று கேட்கணும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம்? தமிழுக்கு யூனிகோட் ஆதரவு விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துருவோடு வந்தது. ஆனால் டிடிபி கடைகளும் வீடுகளும் அதற்குப் பிறகும் பத்துப் பதினைந்து வருஷம் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்றே ஓட்டின. இவற்றில் கோப்புக்குள்ளே தமிழே கிடையாது. 'தமிழ்' என்று பாமினியில் அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு அதன்மேல் தமிழ் வேஷம் போடுகிறது. எழுத்துருவை எடுத்துவிட்டால் வேஷம் கலைந்துவிடும். மாமா 'இங்கிலீஷா மாறிடுச்சு' என்றாரே, தொழில்நுட்ப ரீதியாக அது மாறவே இல்லை. எப்பவும் அப்படித்தான் இருந்தது.

ஆகவே 'பேக்கப் எடு' என்பது இங்கே பாதிதான். மை டாகுமென்ட்ஸை மட்டும் பென்டிரைவில் போட்டால் உடல் வரும், உயிர் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலேயே நின்றுவிடும். சில பழைய தமிழ் மென்பொருள்களின் இன்ஸ்டாலர் 16 பிட். 64 பிட் விண்டோஸில் அது ஓடவே ஓடாது. பேரலல் போர்ட்டில் டாங்கிள் செருகி ஓட்டிய ஆட்களும் உண்டு. இப்போது அந்தப் போர்ட்டுக்கு எங்கே போவது.

யூனிகோடுக்கு மாறியவர்களும் முழுசாகத் தப்பவில்லை. விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவினால் லதாவும் விஜயாவும் தானாக வராது. நிர்மலா யூஐ மட்டும்தான் இருக்கும். லதாவில் அமைத்த இருபது பக்கக் கட்டுரை நீளம் மாறி, அட்டவணை உடைந்து நிற்கும். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய்த் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்பதைச் சேர்த்தால் திரும்ப வந்துவிடும். ரெண்டு நிமிஷ வேலை, ஆனால் தெரிந்தால்தானே.

அரசு இதில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2007 வாக்கில் உமாசங்கர் எல்காட்டில் இருந்தபோது அலுவலகம் முழுக்க சூசே லினக்ஸும் ஓபன் ஆபீஸும் வந்தன. 2010-ல் யூனிகோடும் டேஸ் 16-ம் அரசாணையாயின. 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பி முடிந்தபோது சி-டாக்கின் பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னார்கள். 2011-ல் தொடங்கின இலவச லேப்டாப்பிலும் பாஸ் இருந்தது. எல்லையைத் தாண்டினால் கடலூர், விழுப்புரம் பக்கத்து உறவுக்காரப் பிள்ளைகள் வீட்டில் அந்த லேப்டாப்புகளைப் பார்த்திருக்கிறேன். நான் பார்த்த எதிலும் பாஸ் உயிரோடு இல்லை. சிஸ்டத்தை மாற்றச் சொன்னவர்கள், பழைய கோப்பை யார் மாற்றுவது என்பதற்கு ஆள் போடவில்லை. நாம் புதுச்சேரி, அந்த ஆணைகள் நம்மைக் கட்டாது. ஆனால் கோப்பும் எழுத்துருவும் எல்லை பார்ப்பதில்லை.

அடுத்து எங்க கூட்டம், கட்டற்ற மென்பொருள்காரர்கள். 2012-லிருந்து கணியம் தமிழில் எழுதிக்கொண்டே இருக்கிறது, விழுப்புரம் லினக்ஸ் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறது. இதையெல்லாம் மதிக்கிறேன். ஆனால் 'லினக்ஸ் போடுங்க, எல்லாம் சரியாயிடும்' என்று நானே பத்து வருஷம் பேசியிருக்கிறேன். மாமா வீட்டில் அந்தப் பேச்சை உடைத்தது எல்பிபி 2900. அந்த பிரிண்டருக்கு லினக்ஸில் கேப்ட் டிரைவர் உண்டு என்று பெயர்தான். 32 பிட் லைப்ரரிகளைத் தேடிப் போட்டு, டீமனை எழுப்பி, அது தூங்கி, திரும்ப எழுப்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் போயிற்று. விண்டோஸில் அதே பிரிண்டர் பத்து நிமிஷம். ஒரு வீட்டில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் என்பதை முடிவு பண்ணுவது பல நேரம் பிரிண்டர்தான்.

கடைசியில் என்ன செய்தேன்? டி டிரைவை முழுசாக வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்தேன், வேறு எதையும் தொடுவதற்கு முன்னால். பிறகு ரெண்டாயிரத்துக்குள் ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி, பழைய டிடிஆர் 2 ரேம் இன்னொரு ரெண்டு ஜிபி, ஒரு சீமாஸ் பேட்டரி. அந்த பேட்டரியைச் சும்மா நினைக்காதீங்க. அது செத்தால் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும், எந்த வலைத்தளமும் சான்றிதழ் பிழை காட்டும், ஆள் 'நெட் போச்சு' என்று நினைத்து மெஷினையே தூக்கிப் போடுவார். எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, லிப்ரே ஆபீஸ். பழைய டிஸ்க்கில் விண்டோஸை நெட் இணைப்பில்லாமல் பிரிண்டருக்காக மட்டும் விட்டுவைத்தேன். கொள்கைக்காரர்கள் மன்னிக்கணும்.

கோப்பு மாற்றத்தில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதலில் எல்லாவற்றையும் வெறும் டெக்ஸ்ட்டாக எடுத்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு ஒரே தட்டாகத் தட்டினேன். தமிழ் அழகாக வந்தது. ஆனால் மாமா பிரெஞ்சுக்கால ஆவணங்களிலிருந்து ஊர்ப்பெயரை ரோமன் எழுத்தில் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார். அதெல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிப் போயிற்று. பாமினியைப் பொறுத்தவரை எல்லாமே ஆங்கில எழுத்து. எது நிஜ ரோமன், எது தமிழ் வேஷம் என்று டெக்ஸ்ட்டுக்குத் தெரியாது. வேர்ட் கோப்புக்குத் தெரியும், ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருவின் பெயர் அதில் பதிந்திருக்கிறது. ஆகவே லிப்ரே ஆபீஸில் பழைய டாக் கோப்பை டாக்எக்ஸ் ஆக்கி, பைத்தானில் துண்டு துண்டாகப் படித்து, எழுத்துரு பெயர் பாமினி என்று இருந்தால் மட்டும் மாற்றுகிற மாதிரி எழுதினேன். எழுத்து மாற்றத்துக்கு ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பில் ஏற்கெனவே வசதி இருக்கிறது.

டேப் வகைக் கோப்புகளில் வேறு சிக்கல். அதில் ஆங்கிலம் தன் இடத்திலேயே இருக்கும், தமிழ் மேல் பாதியில் உட்காரும். ஆங்கிலம் தப்பித்தது; பிரெஞ்சில் எழுத்தின் மேல் குறி வருகிற இடமும் அதே மேல் பாதி. அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தினோம்.

பதினொரு கோப்புகள் எந்த மாற்றிக்கும் அடங்கவில்லை. எப்போதோ ஒரு டிடிபி கடையில் கொடுத்த எழுத்துரு, பெயர் கூட வெறும் எண். நல்லவேளையாக அதில் ஒன்றின் பிரின்ட் மாமாவின் பீரோவில் இருந்தது. காகிதத்தையும் திரையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தக் குறிக்கு இந்த எழுத்து என்று அவர் சொல்லச் சொல்ல அட்டவணை போட்டேன். பாகூர் என்றாலே நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு நினைவுக்கு வரும், ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்குக் கொடுத்த தானம். அதை இன்றைக்கும் படிக்க முடிகிறது. 2006-ல் அடித்த மதகுப் பட்டியலுக்கு நாங்கள் எழுத்து எழுத்தாக உட்கார வேண்டியிருந்தது. "கல்வெட்டு படிக்கிற மாதிரியே இருக்குடா" என்று மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பதினொன்றில் எட்டு முடிந்தது. மிச்சம் மூன்று பேஜ்மேக்கர் கோப்புகள். லிப்ரே ஆபீஸ் திறக்கிறது, அமைப்பு சிதறுகிறது, அதே பேரில்லாத எழுத்துருதான், ஆனால் அட்டவணையில் இல்லாத நாலைந்து குறிகள் வருகின்றன. அவற்றில் ஒன்று 'ங்கு' ஆக இருக்கலாம் என்று மாமா சொல்கிறார், நான் 'ஞ்சு' என்கிறேன். அந்த வாய்க்காலின் பெயரைத் தெரிந்த ஒரு பெரியவர் கரையாம்புத்தூர் பக்கம் இருக்கிறாராம். வர ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கணும்.