கேட்கும் முகங்கள்

பழைய திரைப்படங்களை இல்லத்தில் அமர்ந்து பார்ப்பதில் ஒரு நன்மை உண்டு. அரங்கின் ஆரவாரத்தில் பேசுகிறவரையே நாம் கவனிக்கிறோம். வீட்டின் அமைதியில்தான் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகமும் புலப்படுகிறது.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) நகைச்சுவைப் படம். அதில் திகில் கதை சொல்லும் நாகேஷைப் பாராட்டாதவர் இல்லை. ஆயினும் அக்காட்சியைத் தாங்குவது, கதை கேட்டு வெலவெலத்துப்போகும் டி. எஸ். பாலையாவின் முகமே என்பேன்.

வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) துப்பறியும் படம். பாடல் ஒன்றுகூட இல்லை, அதற்காகவே பார்க்கலாம். சுட்டுக் கொல்லப்பட்டவனைப் பற்றிப் பலரும் கூறுவதைத் துப்பறிவாளரோடு நாமும் கேட்கிறோம். எவரை நம்புவது?

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) வேறு வகை. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவிய இக்குடும்பக் கதையின் முடிவில், ஊரே திரண்டு சுந்தரவடிவேலை ஆற்றுக்கு இட்டுச் செல்கிறது. கொடியவன், அவன் சாவதில் நமக்கும் சம்மதமே. அவனோ, தான் இழைத்த கொடுமைகளிலெல்லாம் பெரியது அவர்களையும் தன்னைப்போல் ஆக்கியதுதான் என்கிறான். முதன்முறை நான் விஜயனின் நடிப்பையே வியந்திருந்தேன். மறுமுறை வீட்டில் பார்க்கையில்தான், அச்சொற்களைக் கேட்டு நிற்கும் ஊராரைக் கண்டேன்; அவர்களுள் ஒருவனாக நானும் நின்றிருந்தேன். ஆற்றங்கரையில் அவனுடைய குழந்தைகளைக் காட்டிப் படம் முடிகிறது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உடனே எழ என்னால் இயலவில்லை.