பூட்டுள்ள பெட்டி: ஜேன் ஆஸ்டினின் எழுதுமேசையும் ‘மறைத்தெழுதுதல்’ என்னும் வாசிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் (1775–1817) பயன்படுத்திய சிறிய எழுதுமேசை இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. தம் எழுத்தைப் பிறர் கண்ணிலிருந்து மறைத்தே அவர் எழுதினார் என்னும் நிலைபெற்ற கருத்தை, அம்மேசையையும் அவருடைய இரு நாவல்களையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது.

திறவுச்சொற்கள்: ஜேன் ஆஸ்டின், எழுதுமேசை, பொருள்சார் பண்பாடு, பெண்ணெழுத்து, உடைமை

முன்னுரை

பெண்ணெழுத்து குறித்த ஆய்வுகளில் வர்ஜீனியா உல்ஃப் 1929இல் முன்வைத்த ‘தனக்கென்று ஓர் அறை’ என்னும் கருத்து திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. தனியறை இல்லாமல் எழுதியவருக்கு அவர் காட்டும் முதன்மைச் சான்றுகளுள் ஒருவர் ஆஸ்டின். பொதுக் கூடத்தில் அமர்ந்து சிறு தாள்களில் எழுதினார். எவரேனும் வந்தால் தாளை மறைத்தார் அல்லது மையொற்றுத் தாளால் மூடினார். வருகையை முன்னறிவிக்கும் கதவின் கிறீச்சொலியை அவர் சரிசெய்ய விடவில்லை. இந்தச் சித்திரம் ஆய்வேடுகளில் ஏறக்குறைய மெய்ம்மையாகவே வழங்குகிறது. இதனால் ஆஸ்டினின் எழுத்து அச்சத்தின் விளைபொருளாக வாசிக்கப்படுகிறது என்பதே இங்கு எழும் சிக்கல்.

சான்றின் மூலம்

இச்செய்தி ஆஸ்டின் எழுதியதன்று. அவருடைய அண்ணன் மகன் ஜேம்ஸ் எட்வர்ட் ஆஸ்டின்-லீ 1869ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட நினைவுநூலில் வருவது. அத்தை மறைந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. நூல் வெளிவந்தது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின். விக்டோரியா காலத்து வாசகர்முன் தம் அத்தையை அடக்கம் மிகுந்த குடும்பப் பெண்ணாக நிறுத்த வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. ஆயினும் அதே நூல், சாட்டன் இல்லத்தில் சிறிய மகோகனி மேசையின்மீது பேனா ஓயாது இயங்கிய அமைதியான நேரங்களையும் நினைவுகூர்கிறது. உல்ஃப் எடுத்தாண்ட பகுதியில் கூடம் உண்டு, மேசை இல்லை. இத்தனைக்கும், அந்தச் சூழல் நாவல்களின் தரத்தைச் சிறிதும் குறைக்கவில்லை என்று உல்ஃபே வியக்கிறார். பின்வந்தோர் அந்த வியப்பை விட்டுவிட்டு மறைப்பை மட்டும் பற்றிக்கொண்டனர்.

மேசை என்னும் பெட்டி

மேசை என்றதும் நான்கு கால்களை நினைக்க வேண்டியதில்லை. நம் ஊர்க் கடைகளில் கணக்கெழுதுவோர் முன்வைத்திருந்த சாய்வுமூடிப் பெட்டியை மனத்தில் கொண்டால் வடிவம் விளங்கும். மூடினால் கையில் தூக்கிச் செல்லத்தக்க பெட்டி. திறந்தால் தோல் பதித்த சாய்வான எழுதுதளம். மைக்கூட்டுக்கு இடமும், தாளும் விலைமதிப்புள்ள பொருள்களும் வைக்கப் பூட்டுள்ள இழுப்பறையும் அதில் உண்டு. 1794 டிசம்பரில் ஆஸ்டினின் தந்தை பேசிங்ஸ்டோக் நகரக் கடையொன்றில் பன்னிரண்டு ஷில்லிங்குக்கு வாங்கிய எழுதுமேசை இதுவே எனக் கருதப்படுகிறது. குடும்பத்தின் பல தலைமுறைகளைக் கடந்து கனடா சென்ற அதனை, 1999இல் ஜோன் ஆஸ்டின்-லீ நூலகத்துக்கு வழங்கினார்.

1798 அக்டோபரில் டார்ட்ஃபோர்டு விடுதியில் நேர்ந்த நிகழ்ச்சி இப்பெட்டியின் பொருளை விளக்கவல்லது. ஆஸ்டினின் எழுதுபெட்டியும் ஒப்பனைப்பெட்டியும் தவறுதலாக வேறொரு வண்டியில் ஏற்றப்பட்டு, மேற்கிந்தியத் தீவுகளை நோக்கிய பயணத்தில் கிரேவ்செண்டுக்குப் புறப்பட்டுவிட்டன. குதிரையாள் துரத்திச் சென்று இரண்டு மூன்று மைல் தொலைவில் மீட்டு வந்தான். தமக்கைக்கு எழுதிய கடிதத்தில், தம் உலகச் செல்வம் முழுவதும் அப்பெட்டியில் இருந்ததாக ஆஸ்டின் கேலியாகக் குறிப்பிடுகிறார். அச்செல்வம் ஏழு பவுன். பெட்டியில் நாவலின் கையெழுத்துப்படி இருந்திருக்குமோ என்று கற்பனை செய்வதில் ஆர்வலர்க்குத் தனி இன்பம் உண்டு. கடிதம் படியைப் பற்றிப் பேசவில்லை. பணத்தைப் பற்றிப் பேசுகிறது. அதுவே நமக்கு முதன்மையான செய்தி. எழுத்தும் பணமும் ஒரே பூட்டுக்குள் இருந்த இடம் இது. பதினைந்து ஆண்டுகள் கழித்து வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் உரிமை நூற்றுப் பத்து பவுனுக்கு விற்றது. அவர் கேட்டதோ நூற்றைம்பது.

இங்கே சட்டத்தையும் கருத வேண்டும். மணமான பெண்ணின் அசையும் பொருள் கணவனுக்கு உரியது என்பதே அக்கால ஆங்கிலப் பொதுச்சட்டம். 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்களே அதனை மாற்றின. 1802 டிசம்பரில் ஒரு திருமண வேண்டுகோளை ஏற்ற ஆஸ்டின் மறுநாள் காலையிலேயே மறுத்துவிட்டார். மறுக்காதிருந்தால் இப்பெட்டியும் சட்டப்படி கணவனுடையது ஆகியிருக்கும். 1801 முதல் 1809 வரை பாத், சவுத்தாம்ப்டன் என வீடு மாறிக்கொண்டிருந்தவருக்கு அறை எதுவும் நிலைக்கவில்லை. பெட்டி உடன் சென்றது. (நால்வர் தங்கும் விடுதி அறையில் ஆய்வேடு எழுதுவோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.)

சிறு தாள் என்பதற்கும் மறைப்பு ஒன்றே காரணமாக வேண்டியதில்லை. முற்றுப்பெறாத ‘தி வாட்சன்ஸ்’ படியில் தாள்களை மடித்துச் சிற்றேடுகளாக்கி எழுதியிருக்கிறார். தாள் விலையும் எழுதுதளத்தின் குறுகிய பரப்பும் அளவைத் தீர்மானித்திருக்கலாம் என்பது என் கருத்து.

நாவல்களில் எழுதுமேசை

‘மான்ஸ்ஃபீல்டு பார்க்’ (1814) நாவலில் செல்வர் வீட்டில் அண்டி வாழும் ஃபேனிக்குக் கிழக்கறை கிடைக்கிறது. குளிர்காய அங்கு நெருப்பு மூட்டலாகாது என்பது திருமதி நாரிஸின் கட்டளை. ஆயினும் அங்கே அவளுடைய செடிகள், நூல்கள், எழுதுமேசை ஆகியன இருக்கின்றன. ஒருநாள் எட்மண்ட் அங்கு அமர்ந்து அவளுக்குக் குறிப்பு எழுதத் தொடங்குகிறான். அவள் வந்துவிடவே அது நின்றுபோகிறது. அவன் கொணர்ந்த பொற்சங்கிலியோடு அந்தத் துண்டுத்தாளையும் அவள் பூட்டிவைக்கிறாள். பூட்டு இங்கே நாணத்தின் குறியன்று. எதுவும் தனதில்லாத வீட்டில், இது என்னுடையது என்று அவள் சொல்லும் வழி.

‘பெர்சுவேஷன்’ இன்னும் கூர்மையான சான்று தருகிறது. விடுதி அறையில் பலர் சூழ்ந்திருக்க, வேறொருவர் பொருட்டுக் கடிதம் எழுதுவதாகக் கேப்டன் வென்ட்வொர்த் மேசையில் அமர்ந்திருக்கிறார். ஆண், பெண் இருவரில் எவர் காதல் நிலைப்பது என ஆன் எலியட் அருகில் வாதிடுவது அவர் செவியில் விழுகிறது. அதைக் கேட்டபடியே அவளுக்கு வேறொரு கடிதம் எழுதுகிறார். வெளியேறியவர் கையுறையை மறந்ததாகச் சொல்லித் திரும்பி வந்து, சிதறிய தாள்களுக்கு அடியிலிருந்து அக்கடிதத்தை எடுத்து அவள்முன் வைக்கிறார். பொதுக் கூடத்தில் எழுதுவது, ஆள் நடமாட்டத்துக்கு ஏற்பத் தாளைத் தாளால் மறைப்பது: நினைவுநூல் அத்தைமீது ஏற்றிய செயல் அனைத்தையும் நாவலில் செய்பவர் போர்க்கப்பல் தலைவர். எனவே அதனைப் பெண்ணின் அச்சமாக மட்டும் கொள்ள நாவல் இடந்தரவில்லை. பிறர் சூழ எழுதும் எவர்க்கும் உரிய உத்தி அது. அவர் எழுந்து சென்ற நாற்காலியில் அமர்ந்து, அவர் எழுதிய இடத்திலேயே ஆன் கடிதத்தைப் படிக்கிறாள்.

இக்காட்சி முதலில் எழுதப்படவில்லை. 1816 ஜூலையில் முடித்த இறுதிப் பகுதியில் எழுதும் மேசையும் இல்லை, கடிதமும் இல்லை. நிறைவின்றி அதனை நீக்கிவிட்டுச் சில வாரங்களில் புதிதாக எழுதியபோதே இவை புகுந்தன. ஆஸ்டின் தள்ளிவிட்ட அந்தப் பழைய அத்தியாயங்களின் கையெழுத்துப்படி, மகோகனிப் பெட்டியை வைத்திருக்கும் அதே நூலகத்தில் உள்ளது.