பாட்டிக்கு ஒரு கதை வேண்டும்

தமிழ் சினிமாவுக்குப் பிள்ளையைப் பிரிந்த தாயைத் தெரியும். தாயைத் தேடிப் போகும் பிள்ளையையும் தெரியும். நடுவில் நின்று அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டிய பாட்டியையும் தாய்மாமனையும்தான் தெரியாது.

'தளபதி'யில் (1991) ஒரு சிறுமி பெற்ற பிள்ளையைச் சரக்கு ரயிலில் விட்டுவிடுகிறாள். 'கன்னத்தில் முத்தமிட்டா'லில் (2002) தான் தத்துப்பிள்ளை என்பது அமுதாவுக்கு ஒன்பதாவது பிறந்தநாளில் தெரியவருகிறது. இரண்டுமே எனக்குப் பிடித்த படங்கள். தாயும் பிள்ளையும் நேருக்கு நேர் நிற்கும்போது அழுதுமிருக்கிறேன். ஆனா அந்தக் கண்ணீருக்கு ஒரு விலை இருக்கு. அந்தச் சந்திப்பு எடுபடணும்னா பிள்ளை அந்நியர் வீட்டில்தான் வளரணும், சொந்தம் யாரும் குறுக்கே வரக்கூடாது. குந்தி கர்ணனை ஆற்றில் விட்டதிலிருந்து இதுதான் நம்ம அச்சு.

'தளபதி'க்கு அடுத்த வருஷம், 1992இல், எங்கள் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க அரசு வைத்த தொட்டில். பேரும் ஊரும் சொல்லாமல் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகலாம். அது உயிர்களைக் காப்பாற்றியது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் "இந்தப் பாப்பாவுக்கு ஒரு அம்மாயி இருக்காங்களா?" என்று தொட்டில் கேட்காது. சினிமாவும் கேட்டதில்லை.

ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் காலையில் நின்று பாருங்கள். பேரப்பிள்ளையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் பாட்டிகள் இருக்கிறார்கள். பெற்றவர்கள் வேலை தேடி எங்கோ போயிருப்பார்கள். இந்த ஏற்பாட்டுக்கு எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட்டதில்லை. ஏதாவது சான்றிதழுக்குப் போய் நிற்கும்போதுதான் "நீங்க பாப்பாவுக்கு யாரு?" என்ற கேள்வி வருகிறது.

அந்தக் கேள்விக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. உறவினரே தத்தெடுக்கலாம். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் தாத்தா, பாட்டி, சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி ஆகியோர் உறவினர். அக்கா அந்தப் பட்டியலில் இல்லை. தங்கச்சியை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காக்களின் நாட்டில்!

அடுத்த விதி இன்னும் கூர்மையானது. தத்து ஆணை அமலுக்கு வந்த நாளிலிருந்து பிறந்த குடும்பத்து உறவுகள் அறுந்து, புதிய உறவுகள் வந்துவிடும். அப்படியென்றால் அம்மாயி தத்தெடுத்த பிள்ளைக்கு அம்மாயிதான் அம்மா. பெற்றவள் காகிதத்தில் அக்கா. ஒரு கிழவி, தான் பெற்ற மகளிடமிருந்தே அவளுடைய தாய் என்ற இடத்தைச் சட்டப்படி வாங்கிக்கொள்கிறாள். மகள் பொங்கலுக்கு வந்தால் பிள்ளை என்ன சொல்லிக் கூப்பிடும்?

1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தில் இன்னொரு வழி உண்டு. நீதிமன்றம் பாட்டியைக் காப்பாளராக நியமிக்கலாம். பாட்டி பாட்டியாகவே இருப்பாள், அம்மா அம்மாவாகவே இருப்பாள். ஆனால் மகள் என்றைக்காவது வந்து "என் பிள்ளையைக் கொடு" என்று வழக்குப் போட முடியும். பிள்ளை நிலைக்கணுமா, மகளின் உறவு நிலைக்கணுமா? இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஒரு ராத்திரி தூக்கம் போகும். அந்த ராத்திரியைத்தான் நம் எழுத்தில் தேடுகிறேன்.

தாயைத் தேடி ரயிலேறும் பிள்ளையை நிறையப் பார்த்தாச்சு. அதே வீட்டில், அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் பெற்றவளை "அக்கா, தண்ணி குடு" என்று கேட்கும் பிள்ளையை யாராவது எழுதுங்கள்.