பழமனையின் கூரையும் புதுக்குவோர் கடனும்

பழைய மனையொன்றைக் காணச் செல்வோர் தூணையும் கதவையும் வியப்பரன்றிக் கூரையை அத்துணை நோக்குவதில்லை. எனினும் சுவரையும் மரத்தையும் மழையினின்று காப்பது கூரையே. அது கெட்டவழி ஏனைய யாவும் கெடும். ஆதலின் பழமனையைப் புதுக்குவோரின் அறிவை அளத்தற்கு அவர் கூரையைச் செப்பனிட்ட முறையே தக்க உரைகல்லாகும்.

இவ்வுரைகல்லில் வைத்து ஆராய்தற்குரியது காலிக்கோட்டை. 1988 இல் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பெற்ற அக்கோட்டையினுள் ஒல்லாந்தர் காலத்து மனைகளும் ஆங்கிலேயர் காலத்து மனைகளும் உள. அரைவட்டப் பீலியோடு வேய்ந்த கூரை அவற்றிற்குச் சிறப்பாக உரியது. ஒரு வரிசை ஓடு குழிவு மேனோக்க வாய்க்கால்போற் கிடக்கும்; மறுவரிசை கவிழ்ந்து, அவ்வாய்க்கால்களின் இடைவெளியை மூடும். ஓடு தன் பாரத்தாலும் ஒன்றன்மேலொன்று ஏறிக் கிடத்தலாலும் நிலைபெறும். காற்றாலும் குரங்காலும் அது இடம்பெயர்தல் இம்முறையின் குறை; அதனால் மாரிக்கு முன் பிரித்து வேய்தல் வேண்டும். இடுக்கினூடே காற்றுப் புக மரம் ஈரம் உலர்தலும், ஒழுக்கு உடனே புலப்படுதலும், உடைந்த ஓட்டை மாத்திரம் மாற்றக் கூடுதலும் இதன் நிறைகளாம்.

கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவும் (1919–2003) அவருடன் பணியாற்றிய உல்ரிக் பிளெஸ்னரும் 1960களில் வேறொரு முறையைக் கையாண்டனர். நெளிவுடைய அஸ்பெஸ்டஸ் சீமெந்துத் தகட்டைப் பரப்பி, அதன்மேற் பீலியோட்டை அடுக்குவது அம்முறை. நீரைத் தடுப்பது தகடு. அழகும் நிழலும் தருவது ஓடு. புதுமனைகளில் இது பாராட்டத்தக்க தீர்வே. வழக்கொழியும் நிலையிலிருந்த நாட்டோட்டிற்கு அது மறுவாழ்வு அளித்தது என்பதும் மறுத்தற்கரியது.

ஆயினும் புதுமனைக்குப் பொருந்தியது பழமனைக்கும் பொருந்தும் எனக் கொள்ளுதல் தவறு. தகட்டின்மேல் ஓடு உடைந்தால் உள்ளிருப்போர் அறியார். தகடு வெடித்து மரம் உளுத்த பின்னரே கேடு வெளிப்படும். உள்ளிருந்து அண்ணாந்து நோக்குவோர்க்குக் கைமரமும் சலாகையும் ஓட்டின் அடிப்புறமும் தோன்றிய இடத்தில் நரைத்த தகடே தோன்றும். வெளித்தோற்றம் காக்கப்பட, கட்டுமானம் மறைந்துபோகிறது. மேலும், அஸ்பெஸ்டஸ் நார் சுவாசத்தின் வழிச் சென்று நுரையீரலைப் பற்றும் கொடுநோய்களை விளைப்பது. அறுக்குங்காலும் உடைக்குங்காலும் எழும் தூசியை முதலில் உட்கொள்பவன் கூலிக்கு வேய்பவனே.

வேய்தலறிந்த தொழிலாளர் அருகினர்; ஆண்டுதோறும் கூலி கொடுத்தல் அரிது என்பது மனையுடையோர் கூற்று. இது புறக்கணிக்கத்தக்கதன்று. பண்டைய முறை போதாதென நிறுவப்பட்ட இடத்துத் தற்கால முறையைக் கொள்ளலாம் என 1964 ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும் இடந்தருகிறது. ஆனாற் பேணாமையால் நேர்ந்த கேட்டை முறையின் போதாமையென்று கூறுதல் நியாயமாகாது. பழைய ஓட்டைத் தட்டி, ஒலி தெளிந்ததை வைத்து, மந்தமானதை விலக்கலாம். எஞ்சிய நல்லோட்டைத் தெருப்புறச் சாய்விலும் புதியதைப் பின்புறச் சாய்விலும் வேயலாம். முகட்டிற்குச் சீமெந்துச் சாந்தன்றிச் சுண்ணச் சாந்தே ஏற்றது. சீமெந்தில் இறுகிய ஓட்டை மறுமுறை உடையாமற் பெயர்த்தல் அரிது.

பழமை ஒன்றே அளவுகோல் எனவும் கொள்ளற்க. பாசல் மிசனார் 1865 இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழிப் பரவிய தட்டையோடு, அதற்கெனவே கட்டப்பெற்ற யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிற்கு உரியதேயாம். அவ்வீட்டிற் பீலியோட்டைப் புகுத்துவது, காலி மனையில் தட்டையோட்டைப் புகுத்துவதற்கு நிகரான பிழை. எம்மனை எவ்வோட்டைத் தாங்க எழுந்ததோ அவ்வோடே அதற்குப் பொருத்தமானது. சரிவும் மரத்தின் இடைவெளியும் அவ்வோட்டின் அளவையே தழுவியிருத்தலின், இது இரசனை பற்றிய தீர்ப்பன்று. கட்டுமானம் பற்றிய தீர்ப்பாகும்.